எங்கள் வீட்டு டீசல் அம்பாசிடர்

திண்ணைப் பேச்சு



சென்ற இதழில் கூழ்வடகம் போடும் பக்குவத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டு வாசலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கார் நிற்கிறது. 1995-ஆம் வருஷத்து டீசல் அம்பாசிடர். 2025 டிசம்பரோடு அதன் ஆர்.சி. புத்தகம் காலாவதியாகிறது. புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுத்தான்.

போன வாரம் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "நீ சொல்றதுதான். வேணும்னா வச்சுக்குவோம், வேண்டாம்னா குடுத்துருவோம்" என்றார். கடை விஷயம், காட்டு விஷயம் எதையும் அவர் இப்படி என்னிடம் விட்டதில்லை. இதை மட்டும் ஏன் விட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக நான் வெளியில் யாரிடமும் சொல்லாத ஒரு தப்பு அந்தக் காரோடு சேர்ந்து கிடக்கிறது. குழந்தை வைத்திருக்கும் உங்களுக்கு உபயோகப்படுமே என்று இன்று சொல்லிவிடப் போகிறேன்.

முதலில் கார் வந்த கதை. ஏழாயிரம்பண்ணையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. ஊரைச் சுற்றிக் கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். (பட்டாசு ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான்.) சாத்தூருக்கோ கோவில்பட்டிக்கோ சரக்கு எடுக்கப் போனால் பஸ்ஸை நம்பித்தான் போக வேண்டும். 2003-ல் ஒரு கமிஷன் கடைக்காரர் தன்னுடைய பழைய அம்பாசிடரை விற்கிறார் என்று தகவல் வந்தது. விலை தொண்ணூறாயிரம். சீட்டுப் பணம் பாதி, என் இரட்டை வடச் சங்கிலி பாதி. "சங்கிலி கழுத்துல சும்மாதானே தொங்குது, வண்டி நாலு பேருக்கு ஓடும்" என்று என் அத்தை (மாமியார்தான்) சொன்ன பிறகு நான் என்ன சொல்ல! கழற்றிக் கொடுத்தேன்.

கார் வந்த அன்று தெருவே கூடிவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகளை ஸ்டீரிங்கைப் பிடிக்க வைத்துப் பார்த்தோம். "டுக்கு டுக்கு டுக்கு" என்று அது கிளம்பிய சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழியெல்லாம் கூரைக்கு ஏறிவிட்டது.

அம்பாசிடர் என்றால் இப்போதைய இளம் தாய்மார்களுக்குச் சினிமாவில் பார்த்த மந்திரி காராகத்தான் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1950-களின் கடைசியிலிருந்து செய்துவந்த வண்டி அது. டீசல் இன்ஜின் போட்டது 1980 வாக்கில்தான் வந்தது. டீசலில் ஓடும் கார் நம் நாட்டில் அதற்கு முன் கிடையாது என்பார்கள்.

டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று மெக்கானிக் ஒருநாள் எனக்கு விளக்கினார். பெட்ரோல் வண்டியில் பிளக் ஒரு பொறி போட்டு நெருப்புப் பற்றவைக்கும். டீசலுக்குப் பொறியே வேண்டாம். காற்றைப் போட்டு இறுக்கி அழுத்தினால் அதுவே கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பொடித் தூறலாகப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். "சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு அடியில சுடும்ல மதினி, அதேதான்" என்றார். தீப்பெட்டி செய்யும் ஊரில் தீக்குச்சி வேண்டாத இன்ஜின்! ஆனால் வண்டி ஆறிக் கிடந்தால் அந்தச் சூடு போதாது. அதற்காக ஹீட்டர் பிளக் என்று ஒன்று உண்டு. சாவியை ஹீட்டரில் வைத்துப் பதினைந்து, இருபது எண்ணிவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் முக்கும், கிளம்பாது. இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சந்தோஷங்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். முன்சீட்டு ஒரே பெஞ்சு. கியர் தடி ஸ்டீரிங் ஓரத்திலேயே இருப்பதால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பெரியவர், குழந்தை எல்லாமாகப் பதினோரு உருப்படி போயிருக்கிறோம். (இப்படிப் போவது தப்பு, நீங்கள் செய்யாதீர்கள்!) டிக்கியில் புளியோதரை அண்டா, தண்ணீர்க்குடம், மாற்றுத்துணி மூட்டை எல்லாம் போய் அதன்மேல் இரண்டு பாய். என் பிறந்த ஊர் கழுகுமலை. கல்யாணமான புதிதில் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்த அம்மாவை, கார் வந்த பிறகு மாதம் ஒரு தடவை பார்த்தேன். அந்த வகையில் என் சங்கிலி வீண்போகவில்லை.

அப்போது டீசல் விலை பெட்ரோலை விட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைவு. எங்கள் வண்டி லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கொடுத்தது. ஊரில் ராத்திரி யாருக்காவது வலி கண்டால் முதலில் தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் எங்கள் தெருவில் மூன்று பிரசவத்துக்கு இந்தக் கார்தான் போனது. பின்சீட்டில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாமே! அவர் யாரிடமும் டீசல் காசு வாங்கியதில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் பட்டாசுப் பெட்டியை டிக்கியில் ஏற்றச் சொன்னால், "கோவிச்சுக்கிடாதீக" என்று மறுத்துவிடுவார். ஒரு கம்பி மத்தாப்புக் கட்டுகூட அந்தக் காரில் ஏறியதில்லை. சூடான இன்ஜினையும் வெடிமருந்தையும் சேர்க்கக்கூடாது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படித்தா சொல்ல வேண்டும்?

வருத்தங்களும் அன்றைக்கே ஆரம்பம்தான். மழை பெய்தால் ஜன்னல் ரப்பர் வழியாக மடிக்குத் தண்ணீர் வரும். வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஆயில் பொட்டு. என் வாசல் கோலத்துக்கு நடுவே தினமும் ஒரு கறுப்புப் புள்ளி! காலையில் கிளப்பினால் தொட்டிலில் தூங்கும் பிள்ளை எழுந்துவிடும். டீசல் வாடையில் மகள் சாத்தூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பாள். புகையின் நிறத்தைப் பார்த்தே செலவைக் கணக்குப் போட நான் பழகிவிட்டேன். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் நாசில் கெட்டிருக்கும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, பெரிய செலவு. குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை.

இதெல்லாம் சின்ன வருத்தம். இனிமேல் சொல்லப்போவதுதான் பெரியது.

டீசல் வண்டியில் ஒரு தொல்லை. டேங்க் காலியாகி ஒருதடவை நின்றுவிட்டால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துகொள்ளும். மறுபடி டீசல் ஊற்றினாலும் அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் கிளம்பும். இரண்டு தடவை நடுரோட்டில் இப்படி நின்ற பிறகு, அவர் எப்போதும் வீட்டில் கொஞ்சம் டீசல் வைத்திருப்பார். ஃபில்டர், நட்டு, போல்ட்டு கழுவவும் அதுதான். அது ஒரு பழைய தகர டப்பாவில் இருந்தது. டப்பா அடியில் ஓட்டை விழுந்து திண்ணையெல்லாம் ஒழுகியதைப் பார்த்து எரிச்சலில், நான்தான், சகோதரிகளே, என் கையால்தான், குளிர்பானம் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் அதை மாற்றி ஊற்றிக் கொல்லைப்புறத் துவைகல் ஓரம் வைத்தேன். பாட்டிலில் படம்கூட அப்படியே இருந்தது. உள்ளே இளமஞ்சள் நிறத்தில் டீசல்.

2007, சித்திரை வெயில். என் மகனுக்கு மூன்று வயது. மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து இருமல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை சட்டையெல்லாம் டீசல், கையில் பாட்டில், கண்ணில் தண்ணீர். எவ்வளவு குடித்தான், ஒரு வாயா, இரண்டு வாயா, தெரியவில்லை.

அத்தை ஓடி வந்து, "ஏத்தா, உப்புத் தண்ணியைக் குடு, வாந்தி எடுத்தாப் போயிரும்" என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நம் பாட்டி காலத்திலிருந்து விஷம் என்றால் உப்புத் தண்ணீர்தானே! நானே கரைத்து, நானே வாயைத் திறந்து ஊற்றினேன். பிள்ளை வாந்தி எடுத்தான். "போயிருச்சு, எல்லாம் வெளிய வந்துருச்சு" என்று அத்தை அவனை மடியில் போட்டுக்கொண்டார்கள். கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தான். அதற்குப் பிறகு மூச்சு வேகமாக ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. உதடு வெளுத்துவிட்டது.

கடைக்கு ஆள் ஓடி, அவர் வந்தார். நான் பிள்ளையோடு முன்சீட்டில். அவர் சாவியை ஹீட்டரில் வைத்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"எண்ணாம அடிங்க!" என்று கத்தினேன்.

"அடிச்சா கிளம்பாது. பொறு" என்றார். குரல் நடுங்கியது, ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை. இருபது வரை எண்ணினார். அந்த இருபதுக்குள் நான் வேண்டாத சாமி இல்லை. செல்ஃப் அடித்தார். ஒரே அடியில் கிளம்பியது. வேகமாகப் போகத் தெரியாத வண்டி, அன்றைக்குக் கோவில்பட்டி வரை எங்கும் நிற்கவில்லை.

டாக்டர் முதலில் கேட்டது, "வாந்தி எடுக்க வச்சீங்களா?" என்று. நான் ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆக்சிஜன் வைத்து, எக்ஸ்ரே எடுத்த பிறகு உட்கார வைத்துச் சொன்னார். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் இவையெல்லாம் வயிற்றுக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. குடிக்கும்போது புரையேறிக் கொஞ்சம் போயிருக்கும். நாம் வாந்தி எடுக்க வைக்கும்போது, வயிற்றில் கிடந்ததும் தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. சில சொட்டுப் போனாலே நுரையீரல் புண்ணாகி நிமோனியா வந்துவிடும். உப்புத் தண்ணீர் அதிகமானால், சின்னப் பிள்ளைக்கு இரத்தத்தில் உப்பு ஏறி அது ஒரு தனி ஆபத்து.

ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மூன்றாம் நாள் வரை காய்ச்சல் விடவில்லை. எட்டாம் நாள் அதே காரில், அதே முன்சீட்டில், அவன் என் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே வீடு வந்தான்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மறுநாள் சாத்தூர் போய் இரும்பில் ஒரு சின்ன அலமாரி வாங்கி வந்து, கொல்லைச் சுவரில் என் தலைக்கு மேல் உயரத்தில் பூட்டோடு மாட்டினார். டீசல், மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து எல்லாம் அன்றிலிருந்து அதற்குள்தான். சாவி என் தாலிக்கொடியில். காரை மட்டும் எனக்குப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது. அதன் வாடை வந்தாலே அந்த உப்புத் தண்ணீர் டம்ளர் ஞாபகம் வரும். ஆனால் அது கிளம்பாமல் போயிருந்தால்? கோபப்படவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

வருஷங்கள் ஓடின. புகையைப் பற்றியும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் இன்ஜின் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 2012-ல் சேர்த்தது. அடுப்படி ஜன்னலுக்கு நேராக அந்த வண்டியைத் தினமும் பத்து நிமிஷம் உறும விட்டோமே என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து வேப்பமரத்தடிக்குத் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோனது. அதே வருஷம் அக்டோபரில் டீசல் விலையை அரசு கட்டுப்படுத்துவதும் நின்றது. ஒருபக்கம் சாமான் கிடைப்பது குறைந்தது. இன்னொரு பக்கம் டீசல் விலை ஏறி, இன்று லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் நிற்கிறது. பழைய காரின் செலவை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2016-ல் மட்டும் பம்ப், நாசில், கிளட்ச் என்று முப்பத்தோராயிரம். அந்த வருஷம் கார் ஓடியது மொத்தம் நூறு நாள்கூட இல்லை.

ஆர்.சி. புதுப்பிக்க 2020-ல் கட்டணம் அறுநூறு ரூபாய்தான். 2022 ஏப்ரலிலிருந்து அது ஐயாயிரம் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய கார் என்றால் பத்தாயிரம் என்று மத்திய அரசு உயர்த்திவிட்டது. பசுமை வரி, இன்சூரன்ஸ், பெயிண்ட், டயர் எல்லாம் தனி.

மகனுக்கு இப்போது இருபத்தோரு வயது. டிப்ளமா படித்துவிட்டு வேலையில் இருக்கிறான். அவனுக்குக் காரை விட மனசில்லை. "அம்மா, நான் குடிச்சது பாட்டில்ல இருந்துதான். கார் என்ன செஞ்சது? என்னைக் கொண்டுபோய்ச் சேத்தது அதுதானே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை.

காலையில் எழுந்து வாசல் தெளிக்கும்போது அந்த ஆயில் பொட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். தை மாதம் மகள் முதல் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரப்போகிறாள். பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டு வாசலில் இந்தப் புகை வேண்டாம். அவருக்கும் ஐம்பத்தாறு ஆகிறது, அந்த ஸ்டீரிங்கைத் திருப்பினால் தோள் வலிக்கிறது. ராத்திரி அவசரத்துக்கு 108 வருகிறது. நான் காரைக் கொடுப்பது கோபத்தில் இல்லை. அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

"குடுத்துருவோங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அலமாரி இருக்கட்டும்" என்றார். "அது இருக்கணும்" என்றேன்.

அரசுப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யையும் ரத்து செய்வதாக முடிவு. அதற்கு முன் ஒருதடவை இருக்கன்குடிக்கு எல்லாரும் அதில் போகப்போகிறோம். ஐந்தே பேர்தான். ஹீட்டர் எண்ணுவதை மகனிடம் விட்டிருக்கிறோம்.

இதைப் படித்து முடித்ததும் தயவுசெய்து எழுந்து போய் உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தையும், கட்டிலுக்கு அடியையும், தண்ணீர்த் தொட்டி ஓரத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்க:

* டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், பினாயில், ஆசிட் எதையும் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்காதீர்கள். அதன் சொந்த டப்பாவில், பூட்டி, உயரத்தில் இருக்கட்டும்.

* குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். தொண்டைக்குள் விரல் விடவும் வேண்டாம்.

* நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தானாக வாந்தி எடுத்தால் முகத்தைக் கீழ்நோக்கி ஒருக்களித்துப் பிடியுங்கள்.

* நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறல் சற்றுத் தாமதித்தும் வரும். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

* டீசலை வாயால் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் வழக்கம் ஆண்களுக்கு உண்டு. பெரியவர்களுக்கும் அதே ஆபத்துத்தான். பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

* வண்டியை ஜன்னல் ஓரத்திலும், மூடிய கொட்டகைக்குள்ளும் ஓடவிட்டு நிறுத்தாதீர்கள். முக்கியமாகக் கைக்குழந்தை, கர்ப்பிணி, இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில்.

அடுத்த இதழில், மகளின் பிரசவத்துக்காக நான் இப்போதே செய்து வைத்திருக்கும் மருந்துப் பொடிகளோடு வருகிறேன்.